தலைக்கு மேல ஒரு குட்டி நம்பர்!

இரண்டின் அடுக்கு மூன்று எவ்வளவு?

வீட்ல ஏழாவது, எட்டாவது படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா இப்பவே கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க. யோசிக்காம வந்து விழுற பதில், "ஆறு!" உங்களுக்குச் சிரிப்பு வரும். பதில் எட்டுன்னுதான் உங்களுக்குத் தெரியுமே!

சரி, இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி. இரண்டின் அடுக்கு பூஜ்ஜியம் எவ்வளவு?

"ஒண்ணு!"

ஏன் ஒண்ணு?

"அது... அது அப்படித்தான் மச்சி. ஃபார்முலா!"

பார்த்தீங்களா? சின்னப் பசங்க யோசிச்சுத் தப்பா சொல்றாங்க. நாம யோசிக்காம சரியா சொல்றோம். ரெண்டுல எது பெரிய வியாதின்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க!

எங்க காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து ஏழெட்டு பேர் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பிப் போய், பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளிப் பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றோம். பின்னம் வரைக்கும் சமாளிச்சு வர்ற பசங்க, அடுக்குக்குறி வந்ததும் பொத்துன்னு உட்கார்ந்துடுறாங்க. காரணம், அந்தக் குட்டி நம்பர். எண்ணோட தலைக்கு மேல, வலது ஓரத்துல, ஈ உட்கார்ந்த மாதிரி இருக்குமே... அதேதான். அது என்ன வேலை செய்யுதுன்னு புரியலைன்னா கூட்டு வட்டி புரியாது, மடக்கை புரியாது, கெமிஸ்ட்ரியில பி.எச். மதிப்பு புரியாது. பத்தாவதுல "எனக்கு மேத்ஸ் வராது"ன்னு ஒதுங்குற பல பேர், ஏழாவதுல இந்த ஈயைப் பார்த்துதான் முதல்ல பயந்திருப்பாங்க.

அதனால டியூஷன் எடுக்குறவங்க, என்.எஸ்.எஸ்.ல இருக்குறவங்க, வீட்ல வாண்டுகளை வெச்சிருக்கிறவங்க... எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை!

தீ... தீ... தீ...!

முதல்ல, பசங்க ஏன் 'ஆறு' சொல்றாங்க? மூளை இல்லாததாலயா? இல்ல பாஸ்! மூளை இருக்கிறதாலதான்.

ரெண்டாம் வகுப்புல அவங்க ஒரு சுருக்கெழுத்தைக் கத்துக்கிட்டாங்க. 2 + 2 + 2-ன்னு நீட்டி முழக்காம, 2 × 3-ன்னு எழுது. 'மூணு தடவை ரெண்டு'ன்னா ஆறு. அஞ்சு வருஷமா அதையே போட்டுப் போட்டுக் கை பழகிடுச்சு. திடீர்னு ஒருநாள் டீச்சர் வந்து, அதே ரெண்டு, அதே மூணை வேற மாதிரி உட்கார வெச்சு 2³-ன்னு எழுதினா, பழைய பழக்கம்தான் முந்திக்கிட்டு வரும். 'மூணு தடவை ரெண்டு' ரெண்டுக்குமே பொருந்துது. கூட்டணுமா, பெருக்கணுமா... அதுதான் வித்தியாசம்.

அதனால போர்டுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டணும்.

3 + 3 + 3 + 3 = 3 × 4 = 12
3 × 3 × 3 × 3 = 3⁴ = 81

கூட்டலைச் சுருக்கினா பெருக்கல். பெருக்கலைச் சுருக்கினா அடுக்கு. அவ்வளவுதான். 12 எங்க, 81 எங்க! வித்தியாசத்தைக் கண்ணால பார்த்துட்டா அப்புறம் மறக்காது.

இன்னொரு சூப்பர் வழி நம்ம தமிழ் கிளாஸ்லயே இருக்கு. அடுக்குத்தொடர் ஞாபகம் இருக்கா? ஒரே சொல் ரெண்டு, மூணு, நாலு தடவை அடுக்கி வர்றது. 'பாம்பு பாம்பு', 'தீ தீ தீ'. ஒரு சனிக்கிழமை போர்டுல 'தீ தீ தீ'ன்னு எழுதி, "இதைச் சுருக்கி எழுதுங்க பார்ப்போம்"னு விட்டோம். பின் பெஞ்சுல இருந்து ஒரு பையன் எழுந்து வந்து 'தீ³'-ன்னு எழுதிட்டுப் போயிட்டான்! அன்னிக்கு முழுக்க 'வா வா' எல்லாம் 'வா²' ஆகிடுச்சு. கீழ இருக்கிற சொல்தான் அடிமானம். மேல இருக்கிறது அது எத்தனை தடவை வருதுங்கிற எண்ணிக்கை. மேல இருக்கிற எண் பெருக்குறதுக்கு வந்த ஆள் இல்ல, கணக்குப்பிள்ளை. 'கீழ எத்தனை பேர் நிக்கிறாங்க'ன்னு எண்ணிச் சொல்றது மட்டும்தான் அதோட வேலை.

மடி... மடி... மடி!

அடுத்தது பேப்பர். ஆளுக்கு ஒரு பழைய நியூஸ்பேப்பர் தாளைக் கொடுத்துடுங்க. "பாதியா மடி. மறுபடியும் பாதியா மடி. எத்தனை தடவை மடிக்க முடியும்?"

"இருபது!" "அம்பது!" "நான் நூறு மடிப்பேன் அக்கா!"ன்னு ஏலம் போகும். ஆறாவது மடிப்புல முகம் மாறும். ஏழாவதுல மூச்சு வாங்கும். எட்டாவதுக்கு ஒருத்தன் தாள் மேல ஏறி உட்கார்ந்தான்... நடக்கலை!

ஏன் முடியலைங்கிறதைப் பசங்களே கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு மடிப்புக்கும் எத்தனை அடுக்கு இருக்குன்னு எண்ணி எழுதச் சொல்லுங்க. ஒரு மடிப்பு – 2. ரெண்டு மடிப்பு – 4. மூணு – 8. நாலு – 16. ஏழாவது மடிப்புல 128. அதாவது, ஒரு நோட்டுப் புத்தகத்தையே கையால மடிக்கப் பார்க்கிற மாதிரி. எப்படி மடியும்?

2002-ல் அமெரிக்காவோட கலிஃபோர்னியாவில பிரிட்னி காலிவன்ங்கிற ஹைஸ்கூல் பொண்ணு, சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள டாய்லெட் பேப்பரை ஒரே திசையில 12 தடவை மடிச்சுக் காட்டினாங்க. எத்தனை மடிப்புக்கு எவ்வளவு நீளம் வேணும்னு சூத்திரமும் போட்டாங்க. 12 மடிப்புன்னா 2¹², அதாவது 4,096 அடுக்கு!

இதையே கற்பனையில தொடர்ந்து மடிச்சா? தாளோட கனம் 0.1 மில்லிமீட்டர்னு வெச்சுக்குங்க. 42-வது மடிப்புல கனம் சுமார் 4,39,800 கிலோமீட்டர். பூமியில இருந்து நிலா சராசரியா 3,84,400 கிலோமீட்டர்தான். நிலாவைத் தாண்டிப் போயிடுது! இதைச் சொன்னா நம்பாத பசங்க நோட்டை எடுத்து ரெண்டு ரெண்டா பெருக்க ஆரம்பிச்சுடுவாங்க. நமக்கு வேண்டியதும் அதுதானே?

இப்ப மெயின் மேட்டர். அதே தாளை விரிச்சுக் காட்டி, "மடிக்கவே இல்லைன்னா எத்தனை அடுக்கு?"ன்னு கேளுங்க.

"ஒண்ணு அக்கா. இதுகூடவா தெரியாது?"

"எத்தனை தடவை மடிச்சிருக்கோம்?"

"பூஜ்ஜியம் தடவை."

"அப்ப இரண்டின் அடுக்கு பூஜ்ஜியம்?"

ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் கோரஸா, "ஒண்ணு!" ஃபார்முலா, விதி எதுவும் கிடையாது. பூஜ்ஜியம் தடவை மடிச்சா தாள் காணாமப் போகாதுல்ல?

விதியை மறந்துடு... எண்ணிக்கோ!

பாடப்புத்தகத்துல அடுக்கு விதிகள் வரிசையா நிக்கும். பெருக்கினா அடுக்கைக் கூட்டு, வகுத்தா அடுக்கைக் கழி, அடுக்குக்கு அடுக்கு வந்தா பெருக்கு. மூணையும் ஒரே நாள்ல மனப்பாடம் பண்ணவெச்சா என்ன ஆகும்? பரீட்சையில மூணும் கலந்து சாம்பார் ஆகிடும்!

2³ × 2⁴ எவ்வளவுன்னு கேட்டா நமக்குக் கிடைச்ச பதில்கள் மூணு ரகம். ஒருத்தன் 2¹²-ங்கிறான். ஒருத்தி 4⁷-ங்கிறா. மூணாவது ஆள் 2⁷. யார் சரின்னு நாம சொல்லக்கூடாது. பிரிச்சு எழுதச் சொல்லணும்.

2³ × 2⁴ = (2 × 2 × 2) × (2 × 2 × 2 × 2)

"எத்தனை ரெண்டு நிக்குது? எண்ணு." ஏழு. அப்ப 2⁷. கணக்குப்பிள்ளையோட வேலை எண்ணுறதுதான்னு சொன்னோம்ல? இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். மொத்தம் ஏழு பேர். அதனாலதான் கூட்டுறோம். சந்தேகம் இருந்தா எண்ணைப் போட்டே பார்க்கலாம். 8 × 16 = 128. 2⁷-ம் 128. ஆனா 2¹² போட்டா 4,096. 4⁷ போட்டா 16,384. பொய் எங்க இருக்குன்னு உடனே மாட்டிக்கும்.

வகுத்தலும் இப்படித்தான். 2⁵ ÷ 2²-ல மேல அஞ்சு ரெண்டு, கீழ ரெண்டு ரெண்டு. அடிச்சு விட்டா மிச்சம் மூணு. (2³)²-ன்னா 2³ ரெண்டு தடவை நிக்குது. மூணும் மூணும் ஆறு. மூணு விதிக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே வேலை: எண்ணுறது!

நம்ம ஊர்ப் பசங்களுக்கு இன்னொரு வசதி இருக்கு. லட்சம், கோடி! லட்சத்துல அஞ்சு பூஜ்ஜியம், 10⁵. கோடியில ஏழு, 10⁷. நூறு லட்சம் சேர்ந்தா ஒரு கோடின்னு எல்லா வாண்டுக்கும் தெரியும். 10² × 10⁵ = 10⁷. ரெண்டும் அஞ்சும் ஏழு. விதி வந்தாச்சா? பட்ஜெட் நியூஸ்ல 'லட்சம் கோடி'ன்னு சொல்றாங்களே, அது எத்தனை பூஜ்ஜியம்? அஞ்சும் ஏழும் பன்னிரண்டு. நியூஸ் பார்க்கும்போது இதைச் சொல்லி அப்பாவை அசத்தலாம்!

அரைக்கால்னா டவுசர் இல்ல!

எட்டாவதுல வருது அடுத்த குண்டு. மைனஸ் அடுக்கு!

2⁻³ எவ்வளவுன்னு கேட்டா, 'மைனஸ் எட்டு'ன்னு பதில் வரும். பசங்க மேல தப்பே இல்ல. 'ரெண்டை மைனஸ் மூணு தடவை பெருக்கு'ன்னு சொன்னா, நாமளே முழிப்போம். அதனால தடவைக் கணக்கை விட்டுட்டு, படிக்கட்டுல இறங்கிக் காட்டணும்.

2³ = 8, 2² = 4, 2¹ = 2, 2⁰ = 1... ஒவ்வொரு படி இறங்கும்போதும் பாதியாகுது. ஒண்ணோட நின்னுடணுமா? இறங்கிக்கிட்டே இருக்கலாமே! ஒண்ணுல பாதி அரை. அரையில பாதி கால். காலில் பாதி அரைக்கால்.

'அரைக்கால்'னு சொன்னதும் கிளாஸே சிரிச்சுது. "அரைக்கால் டவுசரா அக்கா?" இல்லடா தங்கம், இது வேற கால்! நம்ம பழைய தமிழ்க் கணக்குல பின்னங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு. 1/2 அரை. 1/4 கால். 1/8 அரைக்கால். 1/16 மாகாணி, வீசம்னும் சொல்வாங்க. 1/32 அரை மாகாணி. பழைய பத்திரங்கள்லயும் கணக்குச் சுவடிகள்லயும் இந்தப் பேரெல்லாம் சர்வசாதாரணம். வீட்ல பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க, சில பேருக்கு வாய்ப்பாடே தெரியும்!

இப்ப அந்தப் பேரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அரை × கால் = அரைக்கால். அரைங்கிறது 2⁻¹. கால்ங்கிறது 2⁻². அரைக்கால் 2⁻³. மைனஸ் ஒண்ணும் மைனஸ் ரெண்டும் சேர்ந்தா மைனஸ் மூணு! அரையையும் மாகாணியையும் பெருக்கினா அரை மாகாணி. மைனஸ் ஒண்ணும் மைனஸ் நாலும் மைனஸ் அஞ்சு. அடுக்கு விதி நம்ம சொல்லுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு பாஸ்!

பேப்பரையும் மறக்க வேண்டாம். நாலு தடவை மடிச்ச தாளை விரிச்சா 16 கட்டம் தெரியும். மடிச்சப்ப அடுக்கு 2⁴. விரிச்சப்ப ஒவ்வொரு கட்டமும் முழுத் தாள்ல 1/16. அதாவது 2⁻⁴. ஒரே மடிப்பு, ரெண்டு பார்வை. அப்ப, மைனஸ் அடுக்குன்னா எதிர்மறை எண் இல்ல. தலைகீழ். அவ்வளவுதான்!

அப்படியே ஒரு எச்சரிக்கை. (-3)²-ம் -3²-ம் வேற வேற. முதல்ல இருக்கிறது 9. ரெண்டாவது -9. அடைப்புக்குறி இல்லைன்னா, கணக்குப்பிள்ளை மூணை மட்டும்தான் பார்ப்பார், முன்னாடி நிக்கிற மைனஸைக் கண்டுக்க மாட்டார். கம்ப்யூட்டருக்கே இதுல குழப்பம்! எக்செல்ல =-3^2-ன்னு போட்டா 9 வரும். கையில இருக்கிற சயின்டிஃபிக் கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, -9 வரும். இதைப் பசங்ககிட்ட காட்டினா, அடைப்புக்குறி மேல தனி மரியாதையே வந்துடும்.

பெருந்தலைகளுக்கே லேட்டாச்சு!

'ஒரு பாடத்துக்கு இவ்வளவு கஷ்டமா?'ன்னு அலுத்துக்கிறவங்களுக்கு ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். கி.மு. 3-ம் நூற்றாண்டுல ஆர்க்கிமிடீஸ், பிரபஞ்சம் முழுக்க மணலை நிரப்பினா எத்தனை மணல் தேவைப்படும்னு கணக்குப் போட்டார். இன்னிக்கு நாம எழுதுற முறையில அது 10⁶³. ஆனா, அவர்கிட்ட அந்தக் குட்டி நம்பர் இல்லை. பெரிய எண்களுக்குப் பேர் வைக்கிறதுக்கே தனியா ஒரு முறையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நம்ம பரிபாடல்லயும் ஆம்பல், வெள்ளம்னு பேரெண்களுக்குப் பேர் வருது.

ஜெர்மனியோட மைக்கேல் ஸ்டிஃபெல், அடுக்குக்கு 'எக்ஸ்பொனன்ட்'ங்கிற பேரைத் தன் புத்தகத்துல பயன்படுத்தினது 1544-ல். எண்ணோட தலைக்கு மேல சின்னதா எழுதுற பழக்கத்தைப் பிரான்ஸோட டேகார்ட் பரப்பினது 1637-ல். மைனஸ் அடுக்கும் பின்ன அடுக்கும் நல்லா வேரூன்றினது அதுக்கும் அப்புறம், வாலிஸ், நியூட்டன் காலத்துல. உலகத்தோட பெரிய மூளைகளுக்கே இத்தனை நூறு வருஷம் ஆச்சு. ஏழாவது படிக்கிற பையனுக்கு நாலு பீரியட்ல வரலைன்னா 'மக்கு'ன்னு குட்டுறது எந்த ஊர் நியாயம்?

பால் பாயசமும் இருபது இலக்கமும்!

இரட்டிப்பு எவ்வளவு வேகமா வளரும்னு காட்ட நம்ம பக்கத்து மாநிலத்துல அருமையான கதை இருக்கு. கேரளாவோட அம்பலப்புழை. சதுரங்கத்துல ஜெயிச்ச முனிவர், ராஜாகிட்ட பரிசா அரிசி கேட்கிறார். முதல் கட்டத்துக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் நாலு, எட்டு... 64 கட்டத்துக்கும். "இவ்வளவுதானா?"ன்னு ராஜா சிரிக்கிறார். களஞ்சியமே காலியாகுது. முனிவரா வந்தது கிருஷ்ணர். கடனைத் தீர்க்கத்தான் கோயில்ல இன்னிக்கும் பால் பாயசம் வழங்குறதா நம்பிக்கை.

மொத்த அரிசி 2⁶⁴ - 1. அதாவது 18,446,744,073,709,551,615. ஒரு அரிசி 20 மில்லிகிராம்னு வெச்சாலும் சுமார் 36,900 கோடி டன். இந்தியா வருஷத்துக்கு 15 கோடி டன் அரிசி விளைவிக்குதுன்னு வெச்சுக்கிட்டா, சுமார் 2,460 வருஷ அறுவடை! கிளாஸ்ல 64 கட்டம் வேண்டாம். எட்டுக் கட்டம் போதும். 1 + 2 + 4 + ... + 128 = 255. அது 2⁸ - 1-ன்னு பசங்களே கண்டுபிடிச்சுட்டா, அன்னிக்கு நமக்குத்தான் பாயசம்!

கதை பிடிக்காத பசங்களுக்கு மொபைல். 64 ஜிபி, 128 ஜிபி, 256 ஜிபின்னு விக்கிறாங்களே... 100 ஜிபி மெமரி ஏன் கண்ணுல படுறதில்லை? மெமரி சிப்புல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி. அந்த முகவரி 0, 1-னு ரெண்டே எழுத்துல எழுதப்படுது. முகவரியில ஒரு எழுத்தைக் கூட்டினா, இடம் அப்படியே ரெண்டு மடங்கு. அதனால எல்லாம் ரெண்டோட அடுக்கு!

ஆறே ஆறு பேர்!

இதுவரைக்கும் விளையாட்டு. இனிமே கொஞ்சம் சீரியஸ்.

ஒரு சனிக்கிழமை, 'இந்த மெசேஜை பத்து பேருக்கு அனுப்பு, நல்லது நடக்கும்'ங்கிற வாட்ஸ்அப் ஃபார்வேர்டை எடுத்துக்கிட்டோம். ஒவ்வொருத்தரும் புதுசா பத்துப் பத்துப் பேருக்கு அனுப்பினா, பத்தாவது சுத்துல 10¹⁰. ஆயிரம் கோடி. உலகத்துல மொத்தம் எண்ணூறு கோடிச் சொச்சம் பேர்தான். "அப்ப கடைசியில யாருக்கு அக்கா அனுப்புறது? ஆடு மாட்டுக்கா?"ன்னு ஒரே சிரிப்பு.

சிரிப்புக்கு நடுவுல எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு மட்டும் கை தூக்கினா. "எங்க அண்ணனும் இப்படித்தான் ஆறு பேரைத் தேடிக்கிட்டு இருக்கான்." அண்ணன் டிப்ளமோ முடிச்சுட்டு வேலை தேடுறவன். 12,000 ரூபாய் கட்டி ஒரு 'பிசினஸ்'ல சேர்ந்திருக்கான். அவன் கீழ ஆறு பேர், அந்த ஆறு பேர் கீழ ஆறாறு பேர். அம்மா, சங்கிலியை அடகு வெச்சுத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்காங்க.

போர்டுல ஆறோட அடுக்கு ஏற ஆரம்பிச்சுது. 6, 36, 216, 1,296, 7,776, 46,656... பசங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து பெருக்கினாங்க. பத்தாவது வரிசை, 6¹⁰ = 6,04,66,176. மேல இருக்கிற முதல் ஆள்ல இருந்து எல்லாரையும் கூட்டினா 7,25,59,411. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டோட மொத்த மக்கள்தொகை 7,21,47,030. பத்தே வரிசையில, தொட்டில்ல கிடக்கிற குழந்தை வரைக்கும் மொத்த தமிழ்நாடும் சேர்ந்தாலும் ஆள் பத்தாது!

அதைவிட முக்கியமான ஒண்ணை இன்னொரு பையன் கவனிச்சான். கடைசி வரிசையில மட்டும் ஆறு கோடிப் பேர். அவங்களுக்குக் கீழ யாருமே இல்லை. மொத்தத்துல ஆறு பேருக்கு அஞ்சு பேர் கடைசி வரிசை! சங்கிலி எங்க அறுந்தாலும் இதே கதைதான். பத்தாவது வரிசையிலயும் சரி, மூணாவது வரிசையிலயும் சரி, ஆறுல அஞ்சு பேர் கட்டின பணத்துக்கு ஆள் தேடிக்கிட்டு நிப்பாங்க. 'நல்லா உழைச்சா ஜெயிக்கலாம்'னு மேடையில சொல்வாங்க. உழைப்பால 6¹⁰-ஐக் குறைக்க முடியுமா?

இது சட்டத்துக்கும் தெரியும். ஆளைச் சேர்த்துப் பணத்தைச் சுத்தவிடுற திட்டங்களை 1978-லயே இந்தியா சட்டம் போட்டுத் தடை பண்ணிடுச்சு. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டங்களை நடத்தக்கூடாதுன்னு சொல்லுது. ஆனாலும் புதுப் புதுப் பேர்ல வருது. குறி வைக்கிறது யாரை? நம்மளைத்தான். ஃபைனல் இயர் முடிச்சு, ஆஃபர் லெட்டர் வராம, வீட்ல முகம் காட்டக் கூசுற ஆளைத்தான்.

அந்தப் பொண்ணு போர்டுல இருந்த கணக்கை நோட்டுல காப்பி பண்ணி எடுத்துக்கிட்டுப் போனா. அடுத்த வாரம் கேட்டப்ப ரொம்ப சாதாரணமா சொன்னா. "அண்ணன் முதல்ல திட்டினான். அப்புறம் அவனே கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தான். பணம் திரும்பக் கிடைக்கலை அக்கா. ஆனா, ஃப்ரெண்ட்ஸ் யாரையும் சேர்க்கலை."

சங்கிலி இன்னும் கடையிலதான் இருக்கு. அந்த அண்ணனும் எட்டாவதுல அடுக்கு விதி எல்லாம் எழுதி மார்க் வாங்கினவன்தான். விதி தெரியும். அது எவ்வளவு வேகமா வளரும்னு யாரும் அவனுக்குக் காட்டலை.

சொல்லித் தரப் போறீங்களா?

* 'ஆறு'ன்னு பதில் வந்தா 'தப்பு'ன்னு வெட்டாதீங்க. "எப்படி வந்துச்சு?"ன்னு கேளுங்க. பதிலுக்குப் பின்னாடி ஒரு நியாயம் இருக்கும். அதைச் சரி பண்ணினா போதும்.

* முதல் ரெண்டு வகுப்பு விதியே வேண்டாம். பிரிச்சு எழுதட்டும். கை வலிச்சு, "அக்கா, சுருக்கு வழி இல்லையா?"ன்னு அவங்களே கேட்கட்டும். அப்பதான் விதிக்கு மதிப்பு.

* எப்பவும் ரெண்டையே அடிமானமா வைக்காதீங்க. 2² எப்படிப் போட்டாலும் 4 வந்துடும். கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4. பையனுக்குப் புரிஞ்சுதான்னு அதை வெச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது. 3³, 5² கேளுங்க.

* 2³ × 3²-ல அடுக்கைக் கூட்டக்கூடாது. ஆள் வேற வேற. ஆனா, 2³ × 5³ = 10³. மூணு ஜோடி ரெண்டு-அஞ்சு, ஒவ்வொரு ஜோடியும் பத்து. எழுதிப் பார்த்தா அதுவே தெரியும்.

* கணக்கைப் போடுறதுக்கு முன்னாடி, "பதில் எவ்வளவு பெருசா வரும்?"னு பந்தயம் கட்டச் சொல்லுங்க. தோத்துப் போற பந்தயம்தான் மனசுல நிக்கும்.

படிச்சு முடிச்சாச்சா? இந்தப் பக்கத்தைப் பத்திரமா எடுத்து வெக்க வேண்டாம். கிழிச்சு, பக்கத்துல இருக்கிற வாண்டு கையில கொடுத்து மடிக்கச் சொல்லுங்க. ஏழாவது மடிப்புல அது உங்களை நிமிர்ந்து பார்க்கும் பாருங்க...

அப்ப ஆரம்பிங்க பாடத்தை!